எரியாத வளைவு

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு தோள். ராயபுரத்தில் மாதா பிறந்தநாள் திருவிழாவுக்குச் சப்பரம் தூக்குகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு நீளக் கம்பு, நடுவில் ஒரு மேடை, மேடைமேல் மாதா சுரூபம். எந்த வீட்டு ஆம்பளை எந்தக் கம்பில் எந்த இடத்தில் தோள் கொடுக்கிறான் என்பது ஒருமுறை அமைந்துவிட்டால் அப்புறம் மாறாது. அப்பனுக்குப் பிறகு பிள்ளை. எங்கள் வீட்டுக்கு இடது கம்பின் பின்முனை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் போன பிறகு அந்த முனையில் என் தம்பி நின்றான். சொத்து என்று எங்களுக்கு வேறொன்றும் கிடையாது. சிரிக்காதீர்கள், அந்தக் கம்பின் முனை எங்கள் அம்மாவுக்கு மாடி வீட்டைவிடப் பெரிது.

அந்த இடம் கைவிட்டுப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போன கதையைத்தான் சொல்கிறேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரிந்தாலாவது நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டு ஆறிப்போவேன். என் வாய் அப்படிப்பட்ட வாய். இதில் திட்டுவதற்கும் ஆள் கிடைக்கவில்லை.

நானும் தம்பியும் திருவொற்றியூரில் ஒரே பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்தோம். சுவிட்ச் பெட்டி, மீட்டர் பெட்டி எல்லாம் அங்கே தயாராகும். அச்சிலிருந்து விழும் பெட்டிகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் வெட்டுவது என் வேலை. அவன் பக்கத்து ஷெட்டில் கலவை போடுகிறவன். வெறும் பிளாஸ்டிக் இருக்கிறதே, அது பற்றினால் எரியும், உருகும், எரிந்துகொண்டே சொட்டும். கரண்டு ஓடுகிற பெட்டிக்கு அது ஆகாது. அதனால் பிளாஸ்டிக் குருணையோடு தீயை அடக்குகிற பொடி ஒன்றைச் சேர்த்து உருக்குவார்கள். கோலமாவு மாதிரி வெள்ளையாக இருக்கும். சூடேறினால் அதற்குள் அடைபட்டிருக்கும் தண்ணீர் ஆவியாக வெளியே வந்து நெருப்பின் சூட்டைத் தணித்துவிடும். வேறொரு வகைப் பொடியும் உண்டு. அதைக் கொஞ்சம் போட்டாலே போதும், ஆனால் அதன் புகை பொல்லாதது என்று எங்கள் முதலாளி அதை வாங்குவதை நிறுத்திவிட்டார்.

வெள்ளைப் பொடியில் அந்தப் புகைத் தொல்லை இல்லை. ஆனால் அள்ளி அள்ளிக் கொட்ட வேண்டும். வம்பே அங்கேதான். பொடி ஏற ஏற, உள்ளே பிடித்துவைத்திருக்கும் பிளாஸ்டிக் குறைந்துபோகும். பாகு குறைந்த பொரி உருண்டை மாதிரிதான். பார்க்க உருண்டையாகத்தான் இருக்கும், கை பட்டால் உதிரும். அதனால் ஒவ்வொரு கலவைக்கும் கம்பெனியில் இரண்டு சோதனை செய்வார்கள். ஒரு பட்டையை நிற்க வைத்துக் கீழே தீ காட்டுவார்கள். தீயை எடுத்ததும் அது அணைய வேண்டும், சொட்டக் கூடாது. இன்னொரு பட்டையை இறுக்கிவைத்து ஒரு சுத்தியலை ஊஞ்சல் போல விட்டு அடிப்பார்கள். எவ்வளவு அடி தாங்கி ஒடிகிறது என்று பார்ப்பார்கள். முதல் சோதனைக்குப் பொடி கூட வேண்டும், இரண்டாவதுக்குக் குறைய வேண்டும். இரண்டுக்கும் நடுவில், பொடியையும் பிளாஸ்டிக்கையும் ஒட்டவைக்கிற மருந்து கொஞ்சம், ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்கிற சரக்கு கொஞ்சம் என்று சேர்த்து ஒப்பேற்றுவது என் தம்பியின் வேலை. நன்றாகச் செய்வான். அவன் போட்ட கலவையில் வந்த பெட்டிகளுக்கு என் கத்தி பட்டால் ஓரம் சுருள் சுருளாக வரும், தெறித்து விழாது. அதை வைத்தே இது அவன் கை என்று சொல்லிவிடுவேன்.

முந்தா வருஷத் திருவிழாவில்தான் அந்த நெருப்பு. சுரூபத்துக்குப் பின்னால் தெர்மாகோலில் ஒரு வளைவு கட்டி, பிளாஸ்டிக் பூ சுற்றி, சீரியல் பல்பு போடுவது வழக்கம். பல்பு கட்டுவது எப்போதும் என் தம்பிதான். கோவிலிலிருந்து சப்பரம் இறங்கித் தெருமுனை திரும்பும்போது எங்கேயோ ஒயர் உரசிப் பொறி பறந்தது. அவ்வளவுதான், பூவெல்லாம் உருகிச் சொட்ட ஆரம்பித்தது. ஒரு எரிகிற சொட்டு மாதாவின் கன்னத்தில் விழுந்ததை நானே பார்த்தேன். தம்பி கம்பை விட்டுவிட்டு மேலே ஏறி வெறும் கையால் அடித்து அணைத்தான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாதாவின் முக்காடு கருகி, ஒரு கன்னம் கறுத்துப்போனது. அவன் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டது.

கை வெந்தவனைக் கேட்க ஆளில்லை. கன்னம் கறுத்ததைத்தான் தெரு கேட்டது. "நெருப்பு புடிக்காத பிளாஸ்டிக்கு செய்ற கம்பெனில வேல. மாதாவையே கொளுத்திட்டான் பாரு" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். நான் குடத்தைக் கீழே போட்டுவிட்டு அவளிடம் எகிறினேன். அம்மா வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திருவிழாக் கமிட்டித் தலைவர் வீட்டுக்கே வந்து, உட்காராமல் நின்றபடியே தம்பியிடம் சொன்னார். "தப்பா நெனச்சுக்காத நைனா. அடுத்த வருசம் தோளு குடுக்க நீ வராத. ஜனங்க மனசு ஒரு மாதிரி கீது."

அம்மா அன்றிலிருந்து திண்டாடிப்போனாள். சண்டை போடுகிறவள் இல்லை அவள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முதல் ஆளாக எழுந்து வந்துவிடுவாள். தெருவில் யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே நடப்பாள். தம்பியோ சாப்பிடும்போது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

பிறகு ஒருநாள், சப்பரத்துக்கு எரியாத வளைவு ஒன்று செய்துகொள்ளலாமா என்று கம்பெனியில் முதலாளியிடம் கேட்டான். பெரிய மனசுதான் அவருக்கு. "மெஷின் சும்மா கீறப்போ எத்துக்கோ, மாதாவுக்குத்தான" என்றார். தம்பி தகடு போட ஆரம்பித்தான். முதல் தகட்டில் பெட்டிக்குப் போடுகிற அளவே பொடி. தீ காட்டினான். எரிந்து, கொஞ்சம் தயங்கி, அணைந்தது. கம்பெனிக்கு அது பாஸ். அவன் தலையை ஆட்டிவிட்டான். "தயங்கிச்சு பாத்தியாக்கா. அந்தத் தயக்கத்துல ஒரு சொட்டு வுழுந்துச்சுன்னா?" என்றான். பொடியைக் கூட்டினான். மறுபடி கூட்டினான். கடைசியாக வந்த தகடு வெள்ளை வெளேரென்று, தீயை எடுத்த மாத்திரத்தில் கப்பென்று அணைந்தது. கறுப்பு ஒட்டியதே தவிர உருகவில்லை. அன்றைக்குத்தான் ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் பல் தெரியச் சிரித்தான்.

அந்தத் தகட்டை, தெருவில் குகை மாதிரி கட்டி மாதாவை வைத்திருக்கும் எங்கள் கெபி முன்னால் கொண்டுவந்து வைத்தான். அடடா, அந்த வேடிக்கையைச் சொல்ல வேண்டும். பூசை முடிந்து வந்த ஜனம் முழுக்க அங்கேயே நின்றுவிட்டது. கமிட்டித் தலைவர் மெழுகுவத்தியைக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. ஒருத்தன் லைட்டரைக் கொண்டுவந்தான். இன்னொருத்தன் வெல்டிங் கடையிலிருந்து கேஸ் பர்னரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஆளாளுக்குக் கொளுத்திப் பார்த்தார்கள். முந்தின வருஷம் குழாயடியில் பேசினாளே, அவளும் தன் மெழுகுவத்தியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஜோரா கீதே" என்று உதட்டைப் பிதுக்கினாள். சாமியார் வந்து சிலுவை போட்டார். தலைவர் எல்லார் முன்னாலும் தம்பியின் முதுகைத் தட்டி, "உன் எடம் உனக்குத்தான், மாமு. இடது கம்பு, பின்முனை" என்றார். என் அம்மா அங்கேயே அழுதாள்.

நான் அந்தத் தகட்டின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பிசிறு வெட்டுகிறவளுக்கு விரல் சும்மா இருக்காது. டக்கென்று ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "இன்னாடா இது, அப்பளம் மாதிரி ஒடிதே? சுத்தி அடி பாத்தியா?"

"பாத்தேன்க்கா. நிக்கல" என்றான். மறைக்கிறவன் இல்லை அவன். "வளைவு இன்னா மூட்டையா தூக்கப் போவுது? பின்னால சும்மா நிக்கப் போவுது. தடிமனா போட்டுக்கீறேன். பத்தாததுக்கு இந்த வருசம் ஆட்டமே கெடையாதுனு சாமியாரு சொல்லிட்டாரு. ஜெபமால சொல்லிகினே மெதுவா வரப் போறோம்."

"அந்த ரப்பரு மாதிரி கலப்பீங்களே, அத்த கொஞ்சம் சேக்கறதுதான?"

"அது நெருப்புக்குத் தீனி போட்டா மாதிரிக்கா. அது போட்டா மறுபடியும் தயங்கும். ஒரு சொட்டு வுழக் கூடாது. ஒரே ஒரு சொட்டு."

அவன் கணக்கில் தப்பு இல்லை. ஆட்டம் இல்லாத சப்பரத்துக்கு அந்த வளைவு சரியான வளைவுதான்.

ஆட்டம் என்றால் என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். சப்பரம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். பிள்ளை பிறந்த வீடு, நோய் தீர்ந்த வீடு, கடலிலிருந்து ஆள் பத்திரமாகத் திரும்பிய வீடு என்று நன்றி சொல்ல வேண்டிய வாசல் வந்தால் வீட்டுக்காரர்கள் "ஆட்டுங்க" என்று குரல் கொடுப்பார்கள். தூக்குகிறவர்கள் முட்டியை மடக்கி எழுந்து, முன்னுக்கும் பின்னுக்கும் சப்பரத்தைத் தாலாட்டுவார்கள். மாதா அந்த வீட்டைப் பார்த்துக் குனிந்து நிமிர்கிற மாதிரி இருக்கும். தெர்மாகோல் வளைவு இருந்த காலத்தில் அதுவும் கூடவே வளைந்து ஆடும். அதை யார் கவனித்தோம்? தெரு முழுக்கத் தீயை வைத்துத்தான் சோதித்தது. ஒருத்தர்கூட அந்தத் தகட்டை ஆட்டிப் பார்க்கவில்லை.

போன வருஷத் திருவிழா அன்று சாயங்காலம் சப்பரம் வந்தது. வெள்ளை வளைவு, அதில் சின்னச் சின்ன பல்பு. கன்னத்துக்குப் புதுசாக வர்ணம் பூசிய மாதா. அவ்வளவு அழகாக நான் பார்த்ததேயில்லை. சாமியார் சொன்ன மாதிரியே ஜெபமாலை சொல்லிக்கொண்டு மெதுவாக வந்தார்கள். முன்னால் இருந்த வாசல்களில் யாரும் குரல் கொடுக்கவில்லை. நேர்ச்சையாக உப்பும் மிளகும் கொட்டிக் கும்பிட்டதோடு சரி.

எங்கள் வாசலில் நின்றது. அம்மா கல்யாணத்துக்குப் போகிற புடவையில், கையில் மெழுகுவத்தியோடு நின்றாள். பின்முனையில் தம்பி. தோளில் துண்டை மடித்துப் போட்டு, கம்பு அதில் அழுந்தி, கழுத்து நரம்பு புடைத்து நின்றான். அப்பா நின்ற அதே நிற்பு. அம்மா அவனைப் பார்த்தாள். ஒரு வருஷமாகத் தெருவில் வாயைத் திறக்காதவள், தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஆட்டுங்கடா! நல்லா ஆட்டுங்க! எம்புள்ள செஞ்ச வளைவுடா அது. நெருப்பே ஒண்ணும் பண்ணல, நீங்க ஆட்டுனா இன்னா ஆயிடப் போவுது!"

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. தூக்குகிறவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் ஜெபப் புத்தகத்தைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "வேணாம்மா, ஒடிஞ்சிடும்" என்று. ஊர் முழுக்கப் பார்க்க, அம்மாவின் அந்த முகத்தைப் பார்த்து எவன் அதைச் சொல்வான்? நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். முதலில் முட்டியை மடக்கியது அவன்தான்.

முன்னால் போய்ப் பின்னால் வரும்போது சத்தம் கேட்டது. போல்ட்டு போட்ட இடத்தில் கீறல் விட்டு, வளைவு இரண்டாக ஒடிந்து, மேல்பாதி மாதாவின்மேல் சாய்ந்தது. ஆசீர்வதிக்கிற கை மணிக்கட்டோடு போய்விட்டது. அது உருண்டு வந்து அம்மாவின் காலடியில் விழுந்தது.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். முந்தின வருஷம் அத்தனை வாய் பேசிய தெரு, அன்றைக்குப் பரிதாபப்பட்டது. தலைவர் வந்து, "வுடு நைனா, நேரம் சரியில்ல" என்றார். குழாயடிக்காரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பரிதாபம்தான் என் தம்பியைக் கொன்றது. அவன் சப்பரத்தை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து, ஒடிந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். அம்மா அந்தக் கையை மடியில் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்தத் தடவை யாரும் அவனை வரக்கூடாது என்று சொல்லவில்லை. அவனாகவே போய்விட்டான். குஜராத் பக்கம் ஒரு பெரிய பிளாஸ்டிக் கம்பெனியில் இடம் கிடைத்தது. நல்ல வேலைதான், சம்பளமும் பரவாயில்லை. அங்கே அவனை யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோ கால் போடுவான். சாப்டியா, தூங்குனியா, வெயிலு எப்டி என்று அம்மாவும் அவனும் பேசிக்கொள்வார்கள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அவனும் பேசியதில்லை, அம்மாவும் பேசியதில்லை. அவன் போனில் இல்லாத நேரத்தில் மட்டும், காய் நறுக்கிக்கொண்டே திடீரென்று, "என் வாயிதாண்டி. என் பாழாப்போன வாயி" என்பாள். நான் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்க மாட்டாள். நீ என்னம்மா செய்வாய், உனக்குப் பொடியைத் தெரியுமா, பிளாஸ்டிக்கைத் தெரியுமா என்பேன். "எம்புள்ள மூஞ்சி தெரியாதா எனக்கு? கண்ண மூடிகினானே, அப்பவாவது தெரிய வேணாம்?" என்பாள்.

ஒடிந்த துண்டுகளை அவன் தூக்கிப் போடச் சொல்லிவிட்டுப் போனான். அம்மா போடவில்லை. கழுவித் துடைத்துக் கெபியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். எங்கள் தெருப் பெண்கள் இப்போது அதன்மேல்தான் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். மெழுகு வழிந்து, திரி சாய்ந்து, தீ அதன் மேலேயே எரிந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. சும்மா கிடக்கிற வரைக்கும் அதற்கு ஒரு குறையும் இல்லை.

இந்த வருஷமும் திருவிழா வந்தது. சப்பரத்தில் வளைவே கிடையாது, வெறும் மல்லிகைச் சரம்தான். மாதாவின் மணிக்கட்டில் ஒட்டுப்போட்ட கோடு கிட்டத்தில் போனால் தெரியும். எங்கள் முனையில் பக்கத்து வீட்டுக்காரரின் பிள்ளை நின்றான். எங்கள் வாசலில் நிறுத்தி, அவனே கேட்டான். "யம்மா, ஆட்டட்டா?" நல்ல மனசில்தான் கேட்டான். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தாள். சப்பரம் அப்படியே நகர்ந்து அடுத்த வாசலுக்குப் போனது. யாரோ பையன் அதை வீடியோ எடுத்துத் தெரு குரூப்பில் போட்டிருந்தான். என் போனிலும் வந்தது. அம்மா கை அசைப்பதும், சப்பரம் நகர்வதும் அதில் பளிச்சென்று தெரிந்தது. தம்பியும் அந்த குரூப்பில் இருக்கிறான். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. அம்மா போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். சாப்பாட்டுப் பேச்செல்லாம் முடிந்தது. பிறகு அவன் கேட்டான், முதல் தடவையாக.

"திருவிழா எப்டிமா? நம்ம வூட்டாண்ட ஆட்டுனாங்களா?"

அம்மா யோசிக்கவேயில்லை. "ஆட்டாம? நான்தான் ஆட்டச் சொன்னேன். அப்டி ஆட்டுனாங்க. ஒண்ணும் ஆவல நைனா. மாதா நல்லா கீறாங்க."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"ஆமாம்மா" என்றான் அவன். "பசங்க வீடியோ அனுப்புனாங்க. பாத்தேன். நல்லா ஆட்டுனாங்க."